அமெரிக்கன் ஃபுட்பால்ல ஒருத்தர் கீழ விழுந்துட்டா: நிஜ அடியா, டிராமாவா, ரூல் என்ன சொல்லுது?

புதுசா என்எஃப்எல் (அமெரிக்காவோட ப்ரொஃபஷனல் ஃபுட்பால் லீக்) பார்க்க ஆரம்பிச்ச எல்லாரும் சீக்கிரமே கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "அந்தாளு இப்பத்தானே நல்லா ஓடிட்டு இருந்தான், எதுக்கு திடீர்னு படுத்துட்டான், ரெஃப்ரி ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்குறாரு?" நியாயமான கேள்விதான். ஆனா கேக்குறது ரெஃப்ரியோட வேலையே இல்ல. அவர் டாக்டர் கிடையாது, ஒருத்தன் தொடையப் புடிச்சுக்கிட்டு புரண்டா அது நிஜ வலியா நடிப்பான்னு கண்டுபுடிக்கச் சொல்லி எந்த ரூலும் அவருகிட்ட சொல்லல. ஆட்டத்த நிறுத்து, டாக்டர உள்ள விடு, அவ்வளவுதான். அதுக்கு பதிலா ரூல் என்ன பண்ணுதுன்னா, விழுறதுக்கு ஒரு விலை வச்சிருக்கு. நிஜமா விழுந்தாலும் அதே விலை, நடிச்சு விழுந்தாலும் அதே விலை. அந்த விலை எப்ப கம்மி, எப்ப ஜாஸ்தின்னு தெரிஞ்சுக்கிட்டா மேட்ச் பார்க்குறப்ப பாதி குழப்பம் போயிடும்.

முதல்ல, ஒருத்தன் எதுக்கு நடிக்கணும்னு புரியணும். ஒரு ப்ளே, அதாவது பந்த முன்னால கொண்டு போற ஒரு முயற்சி, முடிஞ்சதும் அடுத்த ப்ளே ஆரம்பிக்க ஒஃபென்ஸுக்கு (பந்து கைல இருக்குற டீமுக்கு) 40 செகண்ட் டைம் இருக்கு. சாதாரணமா வட்டமா நின்னு பேசிட்டு, ஆள மாத்திட்டு, ஆற அமர வருவாங்க. ஆனா சில டீம் அந்த ஹடிலே போட மாட்டாங்க, ப்ளே முடிஞ்ச உடனே ஓடி வந்து வரிசைல நின்னு ஸ்னாப்புக்கு (பந்த பின்னால குடுத்து ப்ளேய ஆரம்பிக்கிறதுக்கு) ரெடியாயிடுவாங்க, இதுதான் நோ-ஹடில். இதுல என்ன சூட்சுமம்னா, ஒஃபென்ஸ் ஆள மாத்தினா டிஃபென்ஸும் (தடுக்குற டீம்) ஆள மாத்திக்க ரெஃப்ரி டைம் குடுக்கணும், ஒஃபென்ஸ் மாத்தலன்னா குடுக்க வேண்டாம். அப்ப டிஃபென்ஸ்ல நிக்கிற 140 கிலோ ஆளுங்க மூணு நாலு ப்ளேயா வெளிய போக முடியாம, மூச்சு வாங்கிட்டு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நிப்பாங்க. அந்த நேரத்துல யாராவது ஒருத்தர் "கணுக்கால் போச்சு"ன்னு உக்காந்துட்டா ஆட்டம் நின்னுடும், எல்லாரும் தண்ணி குடிச்சுக்கலாம், புது ஆள் உள்ள வரலாம், கோச் புதுசா ஒரு ஃபார்மேஷன் சொல்லி அனுப்பலாம். இத்தனையும் ஓசில.

2024 டி20 உலகக் கோப்பைல ஆப்கானிஸ்தான் - பங்களாதேஷ் மேட்ச்ல மழை வர்ற நேரம், ஆப்கானிஸ்தான் கோச் ட்ராட் மெதுவா ஆடுங்கன்னு சைகை காட்ட, ஸ்லிப்ல நின்ன குல்பதின் நைப் பொத்துன்னு விழுந்தாரே, அஷ்வின் கூட ரெட் கார்டு குடுங்கன்னு கிண்டலா ட்வீட் போட்டாரே, அதே ஐட்டம்தான் இது.

சரி, இனிமே ஒருத்தர் விழுந்தா நீங்க என்னென்ன பார்க்கணும்னு வரிசையா வர்றேன்.

விழுந்தவர பார்க்காதீங்க, கடிகாரத்த பாருங்க. ஸ்க்ரீன் கீழ எந்த குவார்ட்டர், எவ்ளோ டைம் பாக்கின்னு இருக்கும். ஒவ்வொரு ஹாஃப் முடியறதுக்கு 2 நிமிஷம் இருக்குறப்ப டூ மினிட் வார்னிங்னு ஆட்டம் தானாவே ஒரு தடவ நிக்கும், அதுக்கு முன்னாடி ஒரு ரூல், பின்னாடி வேற ரூல். முன்னாடின்னா விலை ரொம்ப கம்மி. டைம்அவுட் (டீம் கேட்டு ஆட்டத்த நிறுத்துற உரிமை) போகாது, யார்ட் பெனால்ட்டியும் (பின்னால தள்ளுற தண்டனை) கிடையாது. விழுந்தவர் அடுத்த ஒரு ப்ளே வெளிய இருக்கணும், அவ்வளவுதான். கடிகாரமும் இஞ்சுரி நடக்காத மாதிரியே கணக்கு, ஏற்கனவே ஓடிட்டு இருந்திருந்தா ரெஃப்ரி ரெடின்னு சிக்னல் குடுத்ததும் திரும்ப ஓடும்.

ஒரு ப்ளே வெளிய இருக்குறது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா விழுந்தது பாஸ் போட்டு ஒஃபென்ஸ நடத்துற குவார்ட்டர்பேக்னு வச்சுக்கோங்க, மூணாவது டவுன் (10 யார்ட் நகர கிடைக்குற நாலு முயற்சில மூணாவது), இன்னும் 8 யார்ட் வேணும், அந்த நேரத்துல சீசன் பூரா பெஞ்சுல உக்காந்திருந்த பேக்கப் பையன் தலைல ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு ஓடி வரணும். அதனாலதான் நிஜமாவே வலிச்சாலும் பல்லக் கடிச்சுக்கிட்டு எழுந்து நிக்குற குவார்ட்டர்பேக்குகள பார்ப்பீங்க. மூணு வழில இந்த ஒரு ப்ளே தண்டனைல இருந்து தப்பிக்கலாம். ரெண்டு டீம்ல எதுவாவது டைம்அவுட் எடுத்தா அவர் ஆடலாம். எதிர் டீம் பண்ண ஃபவுலால அடி பட்டிருந்தா ஆடலாம். அடுத்த ஸ்னாப்புக்கு முன்னாடி குவார்ட்டர் முடிஞ்சாலோ டூ மினிட் வார்னிங் வந்தாலோ ஆடலாம். அதனால ரெண்டாவதா பார்க்க வேண்டியது தரைல மஞ்சள் துணி (ஃபவுல்னு ரெஃப்ரி வீசுற ஃப்ளாக்) கிடக்கான்னு. ஃப்ளாக் விழுந்திருக்கு, ஃபவுல் எதிராளி மேல, அதுலதான் அடி பட்டுச்சுன்னா விழுந்தவர் டீமுக்கு எந்த நஷ்டமும் கிடையாது.

இப்ப டூ மினிட் வார்னிங்குக்கு அப்புறம். இங்கதான் ரூல் காசு கேக்க ஆரம்பிக்குது, புதுசா பார்க்குறவங்க தலைய சொறியறதும் இங்கதான். ஒரு ஹாஃபுக்கு ஒரு டீமுக்கு 3 டைம்அவுட். கடைசி 2 நிமிஷத்துல உங்க ஆள் விழுந்து ஆட்டம் நின்னா உங்க டைம்அவுட்ல ஒண்ணு காலி. எதிர் டீம் ஃபவுலால அடி பட்டிருந்தாலோ, எதிர் டீம் தானா டைம்அவுட் எடுத்துட்டாலோ, அந்த ப்ளேல பந்து கை மாறியிருந்தாலோ, ஃபீல்ட் கோல் (உதைச்சு கம்பங்களுக்கு நடுவுல அனுப்புற ஸ்கோர்) போயிருந்தாலோ, டச்டவுனுக்கு (பந்த கோல் லைனத் தாண்டிக் கொண்டு போற ஸ்கோர்) அப்புறம் வர்ற எக்ஸ்ட்ரா பாயின்ட் முயற்சில நடந்திருந்தாலோ மட்டும் போகாது. மூணும் ஏற்கனவே தீந்து போச்சுன்னா? நாலாவது ஒண்ணு குடுப்பாங்க, யார்ட் பெனால்ட்டி இல்லாம. அஞ்சாவது தடவைல இருந்து 5 யார்ட் போகும்.

நாலாவது ஃப்ரீதானேன்னு சந்தோஷப்படாதீங்க, அதோட கூடவே 10 செகண்ட் ரன்-ஆஃப்னு ஒண்ணு வரும். ஒரு உதாரணத்தோட சொன்னாதான் புரியும். நீங்க 4 பாயின்ட் பின்னாடி இருக்கீங்க, பந்து உங்ககிட்ட, டைம்அவுட் ஒண்ணு கூட இல்ல, 34 செகண்ட் பாக்கி. ரிசீவர் பந்தப் புடிச்சாரு, ஆனா கோட்டுக்கு வெளிய போக முடியல, உள்ளயே அமுக்கிட்டாங்க. கடிகாரம் ஓடுது, எல்லாரும் ஓடி வந்து வரிசைல நிக்கணும், பார்த்தா உங்க லைன்மேன் ஒருத்தர் எழுந்திரிக்க முடியாம கிடக்காரு. ரெஃப்ரி நிறுத்திடுவாரு. இப்ப எதிர் டீம் கேட்டா 10 செகண்ட கழிச்சிடலாம், 34 போய் 24 ஆயிடும், அதுக்கப்புறம் ரெடி சிக்னல் வந்ததும் கடிகாரம் தானா ஓட ஆரம்பிச்சிடும். இதே நேரத்துல 9 செகண்ட்தான் பாக்கின்னு வச்சுக்கோங்க, கழிக்க 10 செகண்டே இல்ல, மேட்ச் அங்கயே முடிஞ்சிடும், கடைசி பந்து போடாமலே தோத்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கொடுமையா இருக்குல்ல? ஆனா இந்த ரூல் இல்லன்னா டைம்அவுட் தீந்து போன ஒவ்வொரு டீமும் கடிகாரத்த நிறுத்த ஒருத்தன விழச் சொல்லும், அதுல சந்தேகமே வேணாம்.

இதுல ஒரு நுணுக்கம். ப்ளே முடிஞ்சப்ப கடிகாரம் ஓடிட்டு இருந்தாதான் இந்த 10 செகண்ட். பாஸ் கீழ விழுந்துடுச்சு, இல்ல ரிசீவர் கோட்டத் தாண்டிட்டாரு, கடிகாரம் ஏற்கனவே நின்னுடுச்சுன்னா கழிக்க மாட்டாங்க. எதிர் டீம் வேண்டாம்னும் சொல்லலாம், அவங்களுக்கே டைம் தேவைப்படுற சூழ்நிலைல சொல்லவும் செய்வாங்க.

டைம்அவுட் இல்லாத டிஃபென்ஸ் ஆள் விழுந்தா? அவங்களுக்கு 10 செகண்ட் கணக்கு இல்ல, ப்ளே கிளாக்க (அடுத்த ப்ளே ஆரம்பிக்க இருக்குற செகண்ட் கணக்க) திரும்ப 40-க்கு வச்சுடுவாங்க, மேட்ச் கடிகாரம் சிக்னல்ல ஓடணுமா ஸ்னாப்ல ஓடணுமான்னு ஒஃபென்ஸ் முடிவு பண்ணலாம். லீட்ல இருக்குற ஒஃபென்ஸ் நிதானமா 40 செகண்டையும் தின்னுட்டு விளையாடும், பின்தங்கி இருக்குற ஒஃபென்ஸ் ஸ்னாப்ல ஆரம்பிங்கன்னு கேக்கும். ரெண்டுலயும் விழுந்த டீமுக்கு லாபம் இல்லாத மாதிரி பார்த்துக்கிட்டாங்க, நல்ல ரூல்.

அடுத்தது விழுந்தவர் எப்படி வெளிய போறாருன்னு கவனிங்க. தானா எழுந்து ஓடிட்டாரா, ரெண்டு பேர் தோள்ல சாஞ்சு போறாரா, வண்டில போறாரா. சைட்லைன்ல நீல கலர்ல ஒரு சின்ன டென்ட் இருக்கும், 2017-ல இருந்து எல்லா மைதானத்துலயும் வந்தது, கேமரா கண்ணுல படாம டாக்டர் செக் பண்ணத்தான் அது. டென்ட்டுக்குள்ள போனாலே தலைல அடின்னு அர்த்தம் இல்ல, முழங்கால பார்க்கவும் அங்கதான் கூட்டிட்டு போவாங்க. டென்ட்ல இருந்து நேரா லாக்கர் ரூம் பக்கம் கூட்டிட்டுப் போனா விஷயம் பெருசுன்னு வச்சுக்கலாம்.

தலைல அடின்னா மேல சொன்ன டைம்அவுட் கணக்கு எதுவும் அவர காப்பாத்தாது. டீம் டைம்அவுட் எடுத்தாலும், கோச் கத்தினாலும், டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் உள்ள வர முடியாது. இதுக்கு டீம் டாக்டர் மட்டும் இல்லாம ரெண்டு டீமையும் சேராத நரம்பியல் டாக்டர் ஒருத்தரும் இருப்பாரு. அதுக்கு மேல ஸ்டேடியத்துல உயரமான பூத்ல ஸ்பாட்டர்னு சொல்றவங்க உக்காந்து ரீப்ளே பார்த்துக்கிட்டே இருப்பாங்க, யாராவது தள்ளாடுறத பார்த்தா ரெஃப்ரிக்கு சொல்லி ஆட்டத்தையே நிறுத்தலாம், இதுக்கு எந்த டீமோட டைம்அவுட்டும் போகாது. இந்த அதிகாரம் 2015-ல வந்தது, அந்த வருஷம் பிப்ரவரில நடந்த சூப்பர் பவுல்ல (என்எஃப்எல் ஃபைனல்ல) ஜூலியன் எடல்மன்ங்கிற ஆட்டக்காரர் தலைல பலமா அடி வாங்கியும் தொடர்ந்து ஆடினத ஊரே பார்த்தது.

அப்படியும் ஓட்டை இருந்துச்சு. 2022 செப்டம்பர் 25, மயாமி டால்ஃபின்ஸ் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா பஃபலோவுக்கு எதிரா விழுந்து, தலைய உதறிக்கிட்டே எழுந்து நாலு எட்டு வச்சவர் கால் பின்னி சரிஞ்சாரு, பக்கத்துல இருந்தவங்க தாங்கிப் புடிச்சாங்க. முதுகு வலின்னு காரணம் சொல்லி அதே மேட்ச்ல திரும்ப ஆட விட்டாங்க. நாலே நாள்ல சின்சினாட்டில அடுத்த மேட்ச், அங்க விழுந்தப்ப விரலெல்லாம் விறைச்சு மடங்கி நின்னத லைவ்ல பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. அக்டோபர் 8-ம் தேதியே ரூல மாத்திட்டாங்க, இப்ப நிலை தடுமாறி தள்ளாடினது தெரிஞ்சா காரணம் என்ன சொன்னாலும் அன்னைக்கு அவர் ஆட்டம் முடிஞ்சது. நடிக்கிறவங்கள பத்தி நாம இவ்ளோ பேசுறோம், ஆனா இந்த ஆட்டத்துல அடி படாத மாதிரி நடிக்கிறவங்கதான் ஜாஸ்தின்னு எனக்குத் தோணும், அது இத விட ஆபத்து.

இன்னொண்ணு, யாராவது அசையாம கிடந்தா கடிகாரக் கணக்கெல்லாம் அப்படியே விட்டுடுங்க. 2023 ஜனவரி 2, சின்சினாட்டி, பஃபலோ ஆட்டக்காரர் டமார் ஹாம்லின் ஒரு சாதாரண டாக்கிள் பண்ணிட்டு எழுந்து நின்னு, அப்படியே பின்னால சாஞ்சாரு, இதயம் நின்னு போச்சு. மைதானத்துலயே சிபிஆர் குடுத்து, ஷாக் குடுத்து உயிர மீட்டாங்க. மேட்ச அன்னைக்கு நிறுத்தி, பின்னாடி மொத்தமா கேன்சல் பண்ணிட்டாங்க. அவ்ளோ வேகமா வேலை நடந்ததுக்கு காரணம், ஒவ்வொரு மேட்சுக்கும் 60 நிமிஷம் முன்னாடி ரெண்டு டீம் மருத்துவ ஆளுங்களும் ரெஃப்ரியும் கூடி, யார் எங்க நிப்பாங்க, ஆம்புலன்ஸ் எங்க, எந்த ஆஸ்பத்திரின்னு பேசி வச்சுக்குவாங்க. டிவில காட்ட மாட்டாங்க, ஆனா நடக்கும்.

இப்ப நடிப்பு விஷயத்துக்கு வருவோம். சந்தேகப்படணும்னா சில கேள்வி கேட்டுப் பாருங்க: ஒஃபென்ஸ் அவசரமா ஆடிட்டு இருந்துச்சா? டிஃபென்ஸ் ஆள் மாத்த முடியாம திணறிட்டு இருந்துச்சா? விழுந்தவர் ப்ளே முடிஞ்சு நல்லா நடந்து வந்து, சைட்லைன ஒரு பார்வை பார்த்துட்டு விழுந்தாரா? அடுத்த ப்ளே முடிஞ்சதும் துள்ளிக்கிட்டு உள்ள வந்துட்டாரா? எல்லாத்துக்கும் ஆமான்னா சிரிச்சுக்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா தசைப்பிடிப்பு நிஜமாவே ரெண்டு நிமிஷத்துல சரியாகும்.

2011 செப்டம்பர் 19, நியூயார்க் ஜயன்ட்ஸ், செயின்ட் லூயிஸ் ராம்ஸ் மேட்ச்தான் இதுக்கு க்ளாசிக். ராம்ஸ் நோ-ஹடில்ல வேகமா கோல் லைன் கிட்ட வந்துட்டாங்க, ஜயன்ட்ஸ் டிஃபென்ஸ்ல டியான் கிரான்ட், ஜாக்வியன் வில்லியம்ஸ் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பொத்து பொத்துன்னு விழுந்தாங்க. ஒருத்தர் விழுந்திருந்தா கூட நம்பியிருக்கலாம். கிரான்ட் நடிக்கலன்னுதான் கடைசி வரைக்கும் சொன்னாரு, ஆனா அந்த வாரமே லீக் எல்லா டீமுக்கும் மெமோ அனுப்பிடுச்சு, நடிச்சா அபராதம், சஸ்பென்ஷன், டிராஃப்ட் பிக் (புது ஆட்டக்காரர எடுக்குற வாய்ப்பு) கூட போகும்னு. 2013-ல ரிட்டயர் ஆன சிகாகோ பேர்ஸ் ஜாம்பவான் ப்ரையன் அர்லாக்கர் டிவில உக்காந்து, எங்க டீம்லயே விழுறதுக்குன்னு ஒருத்தர் இருந்தாரு, கோச் நீச்சல் குளத்துல குதிக்கிற மாதிரி சைகை காட்டுவாரு, அவர் விழுவாருன்னு கூலா சொல்லிட்டுப் போயிட்டாரு.

அப்ப தண்டனை? மைதானத்துல ஃப்ளாக் போட மாட்டாங்க. ரூல் புக்குலயே நடிக்கிறத வன்மையா கண்டிக்கிறோம், கோச்சுங்க ஒத்துழைக்கணும்னு ஒரு வேண்டுகோள் மாதிரிதான் இருக்கு, அப்புறம் லீக் ஆஃபீஸ்ல வீடியோ பார்த்து அபராதம் போடுவாங்க. 2022 டிசம்பர்ல நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் டாம்பா பேயோட ஆடினப்ப செயின்ட்ஸ் ஆட்டக்காரர் கேமரன் ஜோர்டன் நாலாவது குவார்ட்டர்ல உக்காந்துட்டாருன்னு டீமுக்கு 3,50,000 டாலர், ஹெட் கோச் டென்னிஸ் ஆலனுக்கு 1,00,000, ஜோர்டனுக்கும் இன்னொரு கோச்சுக்கும் தலா 50,000 தீட்டினாங்க. ஜோர்டன் பாதத்துல நிஜமாவே சுளுக்குன்னு வாதாடி அப்பீல் பண்ணாங்க, மொத்தமும் ரத்தாயிடுச்சு. ஆஃபீஸ்ல உக்காந்து பத்து ஆங்கிள்ல பார்த்தவங்களுக்கே இந்த கதி, அதனால மைதானத்துல ரெஃப்ரியே முடிவு பண்ணணும்னு சொல்றவங்கள நான் ஒத்துக்க மாட்டேன்.

கூட்டமும் தப்பு பண்ணும். 2021 அக்டோபர்ல ஒரு காலேஜ் மேட்ச்ல, அயோவா மைதானத்துல பென் ஸ்டேட் ஆளுங்க வரிசையா விழ, நடிக்கிறானுங்கன்னு ஸ்டேடியமே கேலியா "பூ"ன்னு கூச்சல் போட்டுச்சு. அன்னைக்கு விழுந்தவங்கள்ல பி.ஜே. மஸ்டிஃபருக்கு சீசனே முடிஞ்சு போற அளவுக்கு அடி. பென் ஸ்டேட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் கேட்டது கரெக்டான கேள்வி, அயோவா வேகமா ஆடுற டீமே இல்லையே, நாங்க எதுக்கு நடிக்கணும்? மேல சொன்ன முதல் கேள்விய அந்தக் கூட்டம் கேட்டுப் பார்க்கல.

காலேஜ் மேட்ச் பார்க்குறவங்களுக்கு ரூல் கொஞ்சம் வேற. அங்க நோ-ஹடில் மோகம் ஜாஸ்தி, அதனால நடிப்பும் ஜாஸ்தி. 2010-ல ஓரிகன் டீம் சூறாவளி மாதிரி ஆடிட்டு இருந்தப்ப கலிஃபோர்னியா டீமோட டிஃபென்ஸ் லைன் கோச் டாஷ் லுபோய் தன் ஆட்டக்காரர் ஒருத்தர விழச் சொன்னத ஒத்துக்கிட்டு ஒரு மேட்ச் சஸ்பெண்ட் ஆனாரு. 2024 நவம்பர்ல எஸ்இசிங்கிற காலேஜ் டீம்களோட கூட்டமைப்பு ஹெட் கோச்சுங்க பர்ஸ்லயே கைய வச்சது, முதல் தடவ 50,000 டாலர், ரெண்டாவது தடவ 1,00,000, மூணாவது தடவ அடுத்த மேட்ச் சஸ்பென்ஷன். 2025 சீசன்ல இருந்து, காலேஜ் விளையாட்ட நடத்துற அமைப்பான என்சிஏஏ எல்லாருக்கும் ஒரு ரூல் போட்டுடுச்சு. அடுத்த ப்ளேவுக்கு ரெஃப்ரி பந்த வச்ச அப்புறம் ஒருத்தர் விழுந்து, மருத்துவ ஆள் உள்ள வந்தா அந்த டீமோட டைம்அவுட் ஒண்ணு போகும், டைம்அவுட் இல்லன்னா 5 யார்ட். நிஜமா அடி பட்டவன் ப்ளே முடிஞ்ச இடத்துலயேதான் கிடப்பான், எழுந்து நடந்து வந்து பந்த வச்ச பிறகு விழுறவன் மேலதான் சந்தேகம்ங்கிறது இதுல இருக்குற கணக்கு. யாரும் யாரு மனசுக்குள்ளயும் புகுந்து பார்க்க வேண்டியதில்ல. அதனால காலேஜ் மேட்ச்ல ஒருத்தர் விழுந்தா, பந்து அந்த நேரம் எங்க இருக்கு, ரெஃப்ரி கைலயா தரைலயான்னு பாருங்க.

கடைசியா ஒரு வேலை, இது என்எஃப்எல்லுக்கு மட்டும். ஞாயித்துக்கிழமை விழுந்தவர் மேல உங்களுக்கு சந்தேகம் இருந்தா, புதன், வியாழன், வெள்ளின்னு ஒவ்வொரு டீமும் வெளியிடுற இஞ்சுரி ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்க. ப்ராக்டிஸ்ல முழுசா கலந்துக்கிட்டாரா, பாதியா, வரவே இல்லையான்னும், உடம்புல எந்த இடம்னும் போட்டிருக்கும். அவர் பேர் பக்கத்துல அதே கணுக்கால் இருந்தா சந்தேகத்த விட்டுடுங்க. பேர் இல்லன்னாலும் நடிப்புன்னு முடிவு கட்டிடாதீங்க, வெறும் தசைப்பிடிப்பு புதன்கிழமைக்குள்ள சரியாகிப் போயிருக்கும்.